பாதத்தைப் பிடித்திருந்த விரல்கள்

2003ஆம் ஆண்டு, மார்ச் மாதம். நாங்கள் கனடாவுக்கு, மொன்றியலுக்கு வந்து இரண்டாவது வருசம். பிரெஞ்சு வகுப்பில் எல்லாரையும் ஓவியக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு சென்ட் லோரன்ட் பகுதியில் பின்னேர வேலை. படம் பார்க்கிற ஆள் நான் இல்லை. எரிச்சலோடுதான் போனேன்.

மனைவியும் அதே வகுப்பு. நாலு மாதத்துக்கு முன்தான் எங்களுக்கு ஒரு பெண்பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைத்ததெல்லாம் சாப்பாடு, கதவு பூட்டுகிற திறப்பு எங்கே, அவ்வளவுதான்.

ஓர் அறையில் மாதாவும் குழந்தையும். ஐந்நூறு வருசத்துக்கு முன் இத்தாலியில் வரைந்ததாம். மன்னாரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு மாதாவைக் கண்டால் கை சும்மா இருக்காது. நேரே போய்ச் சட்டத்தைத் தொட்டு, கோயிலில் செய்வதுபோல விரல்களை முத்தமிட்டாள். எச்சரிக்கை மணி அலறியது.

"உமக்கென்ன விசரே? பொலிசைக் கூப்பிடப் போறாங்கள்" என்று எல்லாருக்கும் முன்னால் கத்தினேன்.

காவலுக்கு நின்ற வெள்ளைக்காரப் பெண் ஓடி வந்தா. ஏசப்போறா என்று நினைத்தேன். என் மனைவியின் முகத்தைப் பார்த்தா. திரும்பிப் போய், தான் இருக்கிற கதிரையைத் தூக்கிவந்து படத்துக்கு முன்னால் போட்டா. தொட வேண்டாம் என்று கையால் மட்டும் காட்டினா.

மனைவி அதில் இருந்தாள். கனநேரத்துக்குப் பிறகு, "இஞ்சருங்கோ, காலைப் பிடிச்சிருக்கிறதைப் பாருங்கோ" என்றாள்.

அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். தாயின் இரண்டு விரல்கள் குழந்தையின் பாதத்துக்குக் கீழே. விரல் பட்ட இடத்தில் சதை கொஞ்சம் அமுங்கியிருந்தது. வெறும் சாயம்தான், ஆனால் சூடு தெரிந்தது. வரைந்தவன் ஒரு தாயைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். இல்லாவிட்டால் அது வராது.

"எங்கட பிள்ளையின்ர காலை நான் ஒருக்காக்கூடத் தொடேல்லை. தூக்கப் போறியளோ எண்டு நேர்ஸ் கேட்டவ. நீங்கள்தான் வேண்டாம் எண்டனீங்கள்."

உண்மைதான். அவளைக் கேட்காமல் அவளுக்கும் சேர்த்து நான் பதில் சொன்னேன். பார்க்காவிட்டால் கெதியாய் மறந்துவிடுவாள் என்று நினைத்த மடையன் நான்.

"பிழை என்னிலதான்" என்றேன்.

அன்று வேலைக்குப் போகவில்லை. கூடம் பூட்டும்வரை அவள் அழுது அழுது கதைத்தாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்தப் பெண்ணும் கதிரையைத் திருப்பிக் கேட்கவில்லை.

பிறகு எத்தனையோ தரம் அந்தப் படத்தைப் போய்ப் பார்த்துவிட்டேன். அதைப்போல வடிவான ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை; ஆனாலும் அந்தச் சின்னப் பாதத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஆசுப்பத்திரியில் நான் சொன்ன அந்த 'வேண்டாம்' இன்னும் எனக்குக் கேட்கிறது.