முந்திரிக்காட்டுக்குச் சோறு போனது

1980, சித்திரை. சென்னை பஸ் பெரம்பலூரில் என்னை இறக்கிவிட்டபோது காலை ஆறு மணி. அங்கிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய தூசியில் ஊரே வெளுத்திருந்தது. மறுபடி பஸ் ஏறி, ஜெயங்கொண்டத்தில் மாறி, ஆண்டிமடம் போய்ச் சேர உச்சிவெயில் ஆகிவிட்டது. என்னை அனுப்பிவைத்த எங்கள் சங்கத் தலைவி அந்நேரம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்.

சுதந்திரப் போராட்டத் தியாகிகளின் மகள்கள் நடத்தும் மாநிலச் சங்கம் எங்களுடையது. அதன் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராஜாமணி ஏன் விலகினார் என்று கேட்டால் சென்னையில் யாரும் வாய் திறக்கவில்லை. அவரைத் தேடித்தான் வந்தேன். எனக்குச் சொந்த ஆசையும் ஒன்று இருந்தது. நாற்பத்திரண்டில் அப்பா ஒளிந்திருந்தது இந்த முந்திரிக்காடுகளில்தான். பிறகு பிடிபட்டு ஜெயிலிலேயே இறந்துபோனார். நான் அப்போது கைக்குழந்தை.

ராஜாமணி அக்கா வாசலில் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். மோர் கொடுத்துவிட்டு, கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொன்னார். எங்கள் மாநாட்டில் ஒவ்வொருத்தியும் எழுந்து அப்பா பெயரையும் அவர் இருந்த ஜெயிலையும் சொல்வது வழக்கம். அக்கா தன் அப்பாவோடு அம்மா செல்லம்மாளையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். காட்டில் பதுங்கியவர்களுக்கு மாதக்கணக்கில் சோறு கொண்டுபோனவர் அந்த அம்மா. ஜெயிலுக்குப் போகாதவர் பெயர் இங்கே வேண்டாம் என்று மேடையில் மணி அடித்து உட்காரச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ஊருக்கு வந்தவர்தான், பிறகு சங்கத்துப் பக்கம் போகவே இல்லை.

நான் என் அப்பாவின் பெயரைச் சொன்னேன். கொட்டையைத் துழாவிய கை நின்றது.

"அவரு பொண்ணா நீ? அவருக்குக் கம்பங்கூழு புடிக்காதும்மா. எங்கம்மா மொகம் வாடிடுமேன்னு குடிச்சிடுவாரு. நானும் அம்மாகூடப் போவேன், பார்த்திருக்கேன். 'எம் பொண்ணு இன்னேரம் நடக்க ஆரம்பிச்சிருக்கும்'பாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷமாக அப்பா என்றால் எனக்கு ஒரு ஜெயிலின் பெயர்தான்.

இந்த வருஷ மாநாட்டுக்கு வந்து அம்மா பெயரைச் சொல்லுங்கள், மணி அடித்தால் நானும் உங்கள் பக்கத்தில் எழுந்து நிற்கிறேன் என்றேன். அக்கா காய்ந்த கொட்டையை ஒருபக்கமாகக் குவித்தார்.

"வரேன். ஆனா மணி அடிச்சா ஒக்கார மாட்டேன்" என்றார்.

மாலை பஸ்ஸில் திரும்பினேன். சென்னையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா மாலை போட்ட படமாக இருக்கிறார். ஆண்டிமடத்தில் அவர் பிடிக்காத கூழைக் குடித்துக்கொண்டு, நான் நடப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குப் போகவே எனக்கு மனசில்லை.