கோழியை விட்டேன், சேகரை விடவில்லை

ஆண்டவருக்குள் என் உறவுகளே, போன தவக்காலத்தில் எனக்கு வந்த ஒரு நோயைப் பற்றிச் சொல்லப் போகிறேன். எந்தக் கிளினிக்கிலும் அதற்கு மருந்து இல்லை. நோயின் பெயர் சேகர்.

சேகரும் நானும் நியாலாஸ் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். அவன் முருக பக்தன். நான் அந்தோணியாரின் பெயரைச் சுமக்கிறவன். பத்து பெரண்டாம் ஊரில் போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலையில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே மேசையில் சாப்பிட்டோம். தைப்பூசம் முடிந்த வாரம் அவனைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். என்னை ஆக்கவில்லை.

முதலில் கைதட்டியவன் நான்தான். வீட்டுக்கு வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தியவன், ஹெல்மெட்டைக் கழற்றாமல் பத்து நிமிடம் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து அவன் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து எனக்கு எதிரியானது. அவன் நடந்தால் அது சத்தம் போடும். என் வயிறு எரியும். அவன் காரை நிறுத்தக் கூரை போட்ட இடம் கொடுத்தார்கள். மழை பெய்தால் என் மோட்டார் சைக்கிள் நனைவதைவிட, அவன் கார் நனையாததுதான் எனக்கு வலித்தது.

சாம்பல் புதன் வந்தது. கேன்டீனில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மலாய்க்காரச் சகோதரர்கள் நோன்பில் இருந்தார்கள். சேகரோ செங் ஊர்க் கோயிலில் மாசி மகத்துக்குக் காவடி எடுக்க விரதம் இருந்தான். சைவச் சாப்பாடு, வெறுந்தரையில் தூக்கம். பதவியில் மேலே போனவன் பக்தியிலும் மேலே போக வேண்டுமா? விட்டுவிடுவேனா நான்? கோழி கிடையாது, தே தாரேக் டீ கிடையாது, கைப்பேசியில் வீடியோ கிடையாது என்று பட்டியல் போட்டு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். ஆண்டவருக்குத் தனியாகச் சொல்லவில்லை. குழுவில் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

ஜெபமும் செய்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன். "ஆண்டவரே, அவனைக் கொஞ்சம் தாழ்த்தும்" என்றுதான் கேட்டேன். கொஞ்சம்தான் கேட்டேன், நான் அவ்வளவு கெட்டவன் இல்லை.

இரண்டாம் வாரத்திலேயே கேட்டது நடந்தது. நான்காம் எண் மெஷினில் வந்த மூடிகள் எல்லாம் விளிம்பு உடைந்து வந்தன. காரணம் எனக்குத் தெரியும். அந்த மெஷினின் சூடு காட்டும் முள் பொய் சொல்லும். கம்பெனியின் அளவுத் தாளில் எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் கூட்டி வைத்தால்தான் மூடி முழுசாக வரும். அதைப் பல ஆண்டுகள் ஓட்டியவன் நான். சேகர் பொறுப்புக்கு வந்ததும், எல்லா மெஷினையும் தாளில் உள்ளபடியே வைக்கச் சொன்னான். "சரி பாஸ்" என்று வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

கெட்டுப்போன மூடிகள் மூட்டை மூட்டையாகச் சேர்ந்தன. மேனேஜர் எல்லார் முன்னாலும் சேகரைத் திட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுப் பழைய வேலைக்கே போகும்படி சொல்லிவிட்டார்.

அன்று வீட்டில் கத்தரிக்காய்க் கறி எனக்குப் பிரியாணி மாதிரி ருசித்தது. மேனேஜர் திட்டியதையும் சேகர் தலைகுனிந்ததையும் என் மனைவி செசிலிக்கு நடித்தே காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கோழிய விட்டுட்டீங்க. சேகர் அண்ணனத்தான் தெனமும் தின்னுக்கிட்டு இருக்கீங்க. ஒரு எலும்புகூட மிச்சம் வைக்கல."

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். அன்று எழுந்து தட்டைக் கழுவப் போனேன்.

வியாழக்கிழமை வேலை முடிந்து கோயிலுக்குப் போய் முழங்காலிட்டேன். பட்டியல் எதுவும் கொண்டுபோகவில்லை. "ஆண்டவரே, அவனைப் பார்த்தால் எனக்கு எரிகிறது. என்னால் இதை விட முடியவில்லை. நீரே எடுத்துக்கொள்ளும்." குரல் ஏதாவது கேட்குமா என்று காத்திருந்தேன். கொசுதான் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே சுவரில் சிலுவைப் பாதையின் ஐந்தாம் படம். ஆண்டவரின் சிலுவையை, அந்த வழியாக வந்த சீமோன் சுமக்கிறார். அவர் ஆசைப்பட்டுச் சுமக்கவில்லை. பிடித்து இழுத்துச் சுமக்க வைத்தார்கள். சேகருக்கு உதவ ஆசை வரட்டும் என்று நானும் காத்திருக்க வேண்டியதில்லை என்று புரிந்தது. இன்னொன்றும் புரிந்தது. சேகரைத் தாழ்த்தியது ஆண்டவர் இல்லை, நான். அவனிடம் இல்லாமல் என்னிடம் மட்டும் இருந்தது அந்த மெஷினின் ரகசியம் ஒன்றுதான். நான் விட வேண்டியிருந்ததும் அதைத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் சேகர் அந்த மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து மூடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது.

"இதோட முள்ளு பொய் சொல்லும்டா. சூட்டக் கொஞ்சம் ஏத்தி வைக்கணும். எனக்கு மொதல்லயே தெரியும்."

அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொல்வதைவிட, நாற்பது நாள் கோழியை விடுவது எவ்வளவோ சுலபம்.

அவன் என்னையே பார்த்தான். "ஒனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும் லா. நீ பாஸ்னு கூப்பிட ஆரம்பிச்சப்புறம், எப்படி மச்சான் வந்து கேக்கறது?"

சூட்டை ஏற்றினோம். மத்தியானத்துக்குள் மூடிகள் முழுசாக வந்தன. வழி சொன்னவன் அந்தோணி என்று சேகர் மேனேஜரிடம் சொன்னான். மேனேஜர் சேகரின் தோளைத் தட்டிக்கொடுத்தார். என்ன செய்வது?

திங்கட்கிழமை நான் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தபோது பின்னால் சாவிச் சத்தம் கேட்டது. சேகர் வருகிறான் என்று மட்டும் தோன்றியது. வயிறு எரியவில்லை. அப்படியே நின்றுவிட்டேன். கண்ணில் தண்ணீர். என் ஜெபத்துக்கு ஆண்டவர் கொடுத்த பதில் அதுதான், சகோதரர்களே. ஒரு சாவிக்கொத்தின் சத்தம், வெறும் சத்தமாகக் கேட்டது.

இந்த ஆண்டு நான் பட்டியல் போடவில்லை. எதை விடலாம் என்று செசிலியிடம் கேட்டேன். அவளிடம் பட்டியல் தயாராக இருக்கிறது. நீங்களும் தட்டில் எது இல்லை என்று பார்ப்பதற்கு முன்னால், யாரை மென்றுகொண்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். விட முடியாவிட்டால், முடியவில்லை என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் எடுத்துக்கொள்வார். என்னிடமிருந்தே எடுத்தாரே.

போன ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு அன்று சேகர் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தான். செசிலி கோழிக் கறி பரிமாறினாள். பெரிய தொடை அவன் தட்டுக்குப் போனது. பார்த்தேன். ஆண்டவருக்கு என்னிடம் இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது. அவருக்கு நன்றி.