மைக் வேண்டாத மண்டபம்

வார நாட்களில் எனக்கு மென்பொருள் வேலை. சனி, ஞாயிறு வந்தால், மேற்கு சிட்னியில் எந்தத் தமிழ்க் கச்சேரி நடந்தாலும் மிக்சருக்கு முன்னால் நான்தான். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கூட்டத்திலிருந்து யாராவது வால்யூமைக் கூட்டச் சொல்லிக் கையைக் காட்டினால் நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்.

அந்த வருஷ நவராத்திரிக் கச்சேரிக்கு வழக்கமான பள்ளி அரங்கம் கிடைக்கவில்லை. நகரத்துக்குப் பக்கத்தில் பழைய யூத ஜெப ஆலயம் ஒன்று கலை மையமாக மாறியிருக்கிறது, அங்கே இடம் இருக்கிறது என்றார்கள். பாட வேண்டியவள் என் மனைவி. கச்சேரிக்கு முந்தின நாள் காலையிலேயே டூங்கபி வீட்டிலிருந்து ஸ்பீக்கர்களை வேனில் ஏற்றிக்கொண்டு இருவரும் போனோம்.

வாசலுக்கு மேலே இரண்டு சின்னக் கும்மட்டங்கள், நடுவில் வண்ணக் கண்ணாடி பதித்த வட்டச் சன்னல். உள்ளே மூன்று பக்கமும் மேல்மாடம் ஓடியது. அதைத் தாங்கி நின்ற இரும்புத் தூண்கள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் போலிருந்தன. கூரையின் உட்புறம் முழுக்க மரம், தொட்டிலைக் கவிழ்த்த மாதிரி வளைந்திருந்தது. முன்சுவரில் நாலைந்து படி ஏறினால் இரட்டைக் கதவு போட்ட ஒரு மாடம். வேதச் சுருள்களை வைத்திருந்த இடமாம், இப்போது காலி. அழகான கட்டடம்தான். ஆனால் இவ்வளவு மரத்தையும் சுண்ணாம்பையும் பார்த்ததும் எதிரொலி என் மானத்தை வாங்கப் போகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

மையத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சின்ன வயதில் இங்கே தொழ வந்தவர். பாரம்பரியக் கட்டடம், தூணில் எதையும் மாட்டக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்தக் காலி மாடத்துக்கு முன்னால் மேடை போடலாமா என்று கேட்டேன். அவர் கையைப் பிடிக்காத குறையாக என்னை மண்டபத்தின் நடுவுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு சதுரத்தில் மட்டும் தரைப் பலகைகள் வெளிறியிருந்தன. வேதம் வாசிக்கிறவர் நின்ற மேடை அங்கேதான் இருந்ததாம். சுற்றிலும் ஆண்கள், மேலே பெண்கள். அவருடைய அம்மாவுக்கு மேல்மாடத்தில் கடைசி வரிசை. ஒரு சொல்கூட அம்மாவுக்குத் தவறியதில்லையாம். பாடகியை இங்கே உட்கார வையுங்கள், மைக்கே வேண்டாம் என்றார்.

மைக் இல்லாமல் முடியாது என்று அவசரமாக மறுத்தேன். அதற்குக் காரணம் திமிர் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மனைவிக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. குரல் போகப் போகத் திரும்பிவிடும் என்றார் டாக்டர். கீழ் ஸ்தாயி திரும்பியது, மேல் ஸ்தாயி திரும்பவில்லை. அதன் பிறகு வந்த முதல் கச்சேரியில் தொடங்கி ஒவ்வொன்றிலும், அவள் மேலே போகும்போதெல்லாம் அவளுடைய மைக்கை ஏற்றினேன், எக்கோ சேர்த்தேன், வயலினைக் கூட்டி மிச்சத்தை மறைத்தேன். அவளுக்கு முன்னால் இருந்த குட்டி ஸ்பீக்கரிலும் அந்த மினுக்கிய குரலையே அனுப்பினேன். எங்கள் அடுக்குமாடி யூனிட்டின் சுவர்கள் மெல்லியவை என்பதால் வீட்டில் அவள் அடக்கித்தான் பாடுவாள். அதனால் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. பென்டில் ஹில் மளிகைக் கடையில் ஒரு ஆன்ட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முன்னையைவிடக் குரல் நல்லா இருக்கு என்றார். நான் முறுக்குப் பாக்கெட்டைத் திருப்பி விலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒயர்களை எடுக்க வேனுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவள் அந்த வெளிறிய பலகைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். போனில் ஐந்தரைக் கட்டை சுருதி ஓடியது. வாய்விட்டுக் கல்யாணி ராகத்தைப் பாடினாள். வாசலில் நின்ற எனக்குக் காதருகே கேட்டது. மேல் ஸ்தாயி ஷட்ஜத்துக்குப் போனபோது வெறும் காற்று வந்தது. மறுபடி போனாள், மறுபடியும் காற்று. அந்தக் கட்டடம் எதையும் கூட்டவில்லை, எதையும் மறைக்கவில்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகு, தோளில் ஒயர்ச்சுருளோடு நின்ற என்னை அவள் பார்த்தாள். அவளும் எஞ்சினியர். புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். எந்த இடத்தில் எவ்வளவு ஏற்றினேன் என்பதுவரை.

"அப்போ ரெண்டு வருஷமா நான் பாடலை. நீங்கதான் பாடியிருக்கீங்க."

உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சொல்ல நினைத்தேன். வெட்கமாக இருந்தது. ஸ்பீக்கர்களை மறுபடி வேனில் ஏற்றச் சொன்னாள். வீட்டுக்குத் திரும்பினோம். கச்சேரியை ரத்து செய்துவிடுவாள், இனி பாடவே மாட்டாள் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

சாயங்காலம் சுருதியை நாலரைக் கட்டைக்கு இறக்கி வைத்துக்கொண்டு முழுக் குரலில் பாட ஆரம்பித்தாள். சுருதி இறங்கினால் மேல் ஷட்ஜமும் எட்டும் உயரத்துக்கு இறங்கும். ஆனால் ஒரு கட்டை இறக்குவது அவளுக்குப் பெரிய இறக்கம். கல்லூரிக் காலத்திலிருந்து அவள் ஐந்தரையை விட்டு இறங்கியதே இல்லை. பக்கத்து யூனிட்காரர் சுவரைத் தட்டினார். அவள் நிறுத்தவில்லை. நடுவே வயலின்காரருக்கு போன் போட்டு மைக் கிடையாது என்றாள். அவர் கொஞ்ச நேரம் தகராறு செய்துவிட்டுச் சம்மதித்தார்.

மறுநாள் மண்டபத்தின் நடுவில் விரித்த ஜமக்காளத்தில் அவள் உட்கார, மூன்று பக்கமும் பழைய பெஞ்சுகளில் ஜனங்கள் உட்கார்ந்தார்கள். எது முன்வரிசை என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார்கள். எனக்கு வேலை எதுவும் இல்லை. மேல்மாடத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் ஒரு தடவைகூட நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. கோபம் தீரவில்லை என்று தெரிந்தது.

கல்யாணியில் மெல்ல மெல்ல மேலே ஏறினாள். ஷட்ஜத்தைத் தொடும்போது குரல் உடைந்தது. உடைந்தது கடைசி வரிசை வரை சுத்தமாகக் கேட்டது. கீழே ஒரு பெஞ்சில் யாரோ அசைந்தார்கள். அவள் மூச்சை எடுத்துக்கொண்டு அதே இடத்துக்கு மறுபடி போனாள். இந்தத் தடவை குரல் நின்றது, மெலிசாக, கொஞ்சம் கரகரப்பாக. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மனைவி பாடி நான் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.