ஆட்காட்டிக்கு வாசல் பெருக்கிய கதை

நல்லம்பள்ளி, கடத்தூர் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், குருவிப் படம் என்றால் என் கடைக்குத்தான் வழி காட்டுவார்கள். ஆறாவதுக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. ஆனால் காலேஜ் படித்த பையன்கள் முழநீள லென்ஸும் லேப்டாப்புமாக வந்து, "ஐயா, இதுல எங்க வெட்டலாம்?" என்று கேட்டுக்கொண்டு என் பக்கத்தில் நிற்கிறார்கள். மீன்கொத்தி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் இடம் விடு என்பேன். ஓரத்தை வெட்டித் தருவேன், வெளிச்சத்தைக் கூட்டித் தருவேன். குறுக்கே நிற்கிற குச்சியை அழித்துக் கொடுங்கள் என்றால் மட்டும் மாட்டேன். "ஒரு கிளிக்குதானுங்களே ஐயா" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். குச்சி என்ன குச்சி, ஒன்பது வயதில் ஒரு காட்டையே துடைத்துப் போட்டவன் நான். கம்ப்யூட்டர் இல்லாமல், வெறும் விளக்குமாற்றால்.

அப்போது கோடை லீவுக்குக் கடத்தூரில் அத்தை வீட்டில் இருந்தேன். மாமா அங்கே ஒரு ஸ்டுடியோவில் படம் பிடிப்பவர். கல்யாணம், காதுகுத்து, இழவு வீடு, எல்லாம் அவர்தான் எடுப்பார். அத்தை வீட்டிலிருந்தபடியே மெல்லிய தூரிகையால் படங்களைத் திருத்துவாள். மணப்பெண்ணின் அம்மைத் தழும்பு போகும், மாப்பிள்ளைக்கு மீசை கொஞ்சம் கறுக்கும். இரண்டு பேரும் இவ்வளவு செய்தும் பலகையில் முதலாளி பேர், அட்டையின் பின்னால் அடிக்கிற முத்திரையிலும் முதலாளி பேர். மாமாவின் பேர் எந்தப் படத்திலும் கிடையாது.

அந்தக் கோடையில் உரக்கடைக்காரர் ஒருவர் மாமாவிடம் வந்தார். "எல்லாக் கடைக்காரனும் காலண்டர்ல சாமி படந்தான் போடறான். நம்ம காட்டுக் குருவி ஒண்ணு புடிச்சுக் குடுப்பா. கீழ உம் பேரையும் போட்டுடறேன்" என்றார். அன்று இரவு மாமா சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு, வாழையிலை என்று நினைத்து அந்தத் தட்டை மடிக்கப் பார்த்தார். அவ்வளவு நினைப்பு.

ஊருக்கு வெளியே கரட்டு மேட்டோரத்துக் கல்லுக்காட்டில் ஓர் ஆட்காட்டிக் குருவி முட்டை வைத்திருப்பதை மாமா கண்டுபிடித்தார். அதற்குக் கூடென்று ஒன்றும் கிடையாது. கல்லோடு கல்லாகத் தரையிலேயே வைத்துவிடும். முட்டையும் கல் மாதிரியே இருக்கும். முதல் நாள் பார்த்தபோது இரண்டு, பிறகு நாலாயிற்று. எங்கள் மாமாவிடம் இருந்ததோ இடுப்பில் பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்கிற கேமரா. குருவிக்குப் பக்கத்தில் போனால்தான் படம். அதனால் நாலு குச்சி நட்டுக் கோணிச் சாக்கால் ஒரு மறைப்பு கட்டி, தினமும் விடியும் முன்னே போய் அதை ஓரடி ஓரடியாக நகர்த்தினார். குருவியும் இதென்னவோ நகர்கிற பாறை என்று விட்டுவிட்டது.

ஐந்தாம் நாள் ஒரே ஒரு படம் எடுத்துக் கழுவிப் பார்த்தார். அத்தை அதை ஜன்னலோரம் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"ஏங்க, எல்லாம் கல்லாக் கெடக்குது. குருவி எங்கங்க?"

"தேடு புள்ள. தேடிக் கண்டுபிடிக்கணும். அதுதான் படம்."

"காலண்டர்ல தேதி பாப்பாங்களா, குருவியத் தேடுவாங்களா?"

மாமாவின் முகம் வாடிப்போனது. எனக்கு மாமா என்றால் உயிர். பேர் வராமல் போய்விடுமே என்று அவரைவிட எனக்குத்தான் கவலை. ஸ்டுடியோவில் நான் பார்த்திருக்கிறேன். கவுண்டரோ கூலிக்காரரோ, படத்துக்கு உட்காருகிறவர் யாராயிருந்தாலும் முகம் கழுவ வேண்டும், நூலில் கட்டித் தொங்குகிற சீப்பால் தலை வார வேண்டும், டப்பாவிலிருந்து பவுடர் போட வேண்டும். பின்னால் சுத்தமான திரை. இந்தக் குருவிக்கு இது எதையுமே யாரும் செய்யவில்லை. குறை எங்கே என்று எனக்குப் பளிச்சென்று பிடிபட்டது. அந்த மூளை எனக்கு அப்போதே உண்டு.

நாலு நாள் கழித்து ஒரு சாயங்காலம், அத்தையின் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு தனியாகக் காட்டுக்குப் போனேன். ஆட்காட்டி கத்திக்கொண்டு தலைக்கு மேலே வந்து வந்து பாய்ந்தது. நான் அசரவில்லை. முட்டையைத் தொடாமல், சுற்றியிருந்த கல்லையெல்லாம் பொறுக்கி வரப்போரம் எறிந்தேன். பிறகு ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு நெல் காயப்போடுகிற களம் மாதிரி பெருக்கினேன். நடுவில் நாலு முட்டையும் தட்டில் வைத்ததுபோல் தெரிந்தன. யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மாமா என்னையும் கூட்டிப் போனார். இருட்டோடு சாக்குக்குள் புகுந்து உட்கார்ந்தோம். வெளிச்சம் வந்ததும் மாமா வெளியே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யார்றா பெருக்குனது?" குரல் வெளியே போகாமல் கேட்டார்.

"நான்தான் மாமா. பவுடரு ஒண்ணுதான் போடல."

அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சாக்கைக் கடித்துக்கொண்டு அடக்கினார். அதற்குள் குருவி தத்தித் தத்தி வந்து, வெற்றுத் தரையில் முட்டைக்கு மேல் நின்று, கழுத்தை நீட்டி எங்கள் பக்கமே பார்த்தது. காலைச் சூரியன் அதன் முகத்தில் அடித்தது. மாமா கேமராவைப் பார்த்தார், பெருக்கிய தரையைப் பார்த்தார், மறுபடியும் கேமராவைப் பார்த்தார். பிறகு ரோல் முழுவதையும் எடுத்து முடித்தார்.

"மொதல்ல கழுவிப் பாத்துடலாம். சாயந்தரமா வந்து கல்லப் பழையபடி போட்டுடறேன்" என்றார். நாங்கள் கிளம்பும்போது தூரத்து வேப்பமரத்தில் இரண்டு காக்காய் உட்கார்ந்திருந்தன.

படம் அப்படி வந்திருந்தது! அத்தையே வாயைப் பிளந்தாள். சாயங்காலம் மாமா என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போனார். வெகுநேரம் கழித்துக் கையெல்லாம் மண்ணோடு திரும்பினார்.

"குஞ்சு பொரிச்சு ஓடிப்போச்சுடா. ஆட்காட்டிக் குஞ்சு பொரிச்ச அன்னிக்கே ஓடும்" என்றார்.

நான் பெருக்கின நேரம் நல்ல நேரம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்கப்புறம்தான் வினோதம். மாமா பெரிதாகப் போட்டுக் கொடுத்த படத்தில் அத்தை தூரிகையால் கல் வரைய ஆரம்பித்தாள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கல்லுக்குக் கல், நிழலுக்கு நிழல். நாலு நாள் வரைந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் எடுத்துப் போட்ட கல்லயெல்லாம் திரும்ப வெக்கிறீங்களே அத்த!"

"கல்லில்லாத காட்ட நம்மூர்ல எவன்டா நம்புவான்?" என்றாள். பிறகு தூரிகையை நிறுத்தி, "கல்லத் திரும்ப வெக்கத்தாண்டா வேணும்" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்.

கல் வைத்த படத்தைத்தான் மாமா உரக்கடைக்காரருக்குக் கொடுத்தார். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பேரை எப்படிப் போடட்டும் என்று கேட்டதற்கு மாமா, "பேரெல்லாம் வேணாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம்.

பின்னாளில் நானே கேமரா வாங்கி, எத்தனையோ ஆட்காட்டிகளோடு வெயிலில் கிடந்திருக்கிறேன். முட்டை வைத்துக் குஞ்சு வெளியே வர ஒரு மாதம் பிடிக்கும். கடத்தூர்க் காட்டு முட்டைகள் அரை மாதத்தைக்கூடத் தாண்டவில்லை. வேப்பமரத்துக் காக்காய்கள் எதற்குக் காத்திருந்தன, மாமா அன்று சாயங்காலம் அங்கே எதைப் பார்த்தார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பொங்கல் லீவுக்குப் போன ஒன்பது வயதுக்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? சுவரில் காலண்டர் தொங்கியது. ஆட்காட்டி கம்பீரமாக நின்றது. கீழே உரக்கடைப் பேர் மட்டும். எனக்குப் பொறுக்கவில்லை. அத்தையின் தூரிகையை மையில் முக்கி, குருவியின் காலடியில் என் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். பெருக்கினவன் நான்தானே!

அத்தை ஈரத்துணியோடு ஓடி வந்தாள். "அட, கிறுக்குப் பயலே!"

"உடு புள்ள, அழிக்காத" என்றார் மாமா.

நான் எழுதியதைக் குனிந்து படித்தார். என் கையிலிருந்த தூரிகையை வாங்கினார். என் பேருக்குக் கீழே, ஒட்டினாற்போல, தன் பேரையும் எழுதினார். அவர் பேர் ஒரு படத்தில் ஏறியது அன்று ஒரு தடவைதான்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "நாம ரெண்டு பேரும் சேந்துதான மாமா செஞ்சோம்?" என்று குதித்தேன்.

"ஆமாண்டா, ரெண்டு பேருந்தான்" என்றார் மாமா. அத்தை ஏன் துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனாள் என்று எனக்கு விளங்கவில்லை.