ஸ்வாதி மிதித்த கல்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊர் உலகத்துக்கெல்லாம் சந்தோஷம். கார் பிடித்து வருவார்கள், எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு அடியில் நிற்பார்கள். வள்ளித்தாய் மட்டும் மேற்கே மலையைப் பார்த்து வாய்க்கு வந்தபடி ஏசுவாள். சிற்றாற்றங்கரையில் செங்கல் அறுக்கிறவளுக்குச் சாரலில் என்ன சுகம்? காயப்போட்ட பச்சைக் கல்லெல்லாம் கரைந்து மறுபடியும் சேறாகிவிடும்.

புளியங்குடிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த வேகத்தில் அச்சைக் கையில் எடுத்தாள். புருஷன் சுடலைமுத்து குழியில் இறங்கிச் சேறு மிதிப்பான். அவள் அச்சில் அடித்துக் களத்தில் வரிசையாகக் கவிழ்ப்பாள். ஒரே மகள் ஸ்வாதிக்கு நாலு வயது. ஈரக் கல் மேல் ஓடுவதுதான் அதற்கு விளையாட்டு. கால் பதிந்த கல்லைச் சூளைக்காரர் எடுக்கமாட்டார். வள்ளித்தாய் பிள்ளையை ஓர் அதட்டு அதட்டிவிட்டு, அந்தக் கல்லைப் பெயர்த்துச் சேற்றுக்குழியில் வீசுவாள். தினமும் ஒன்றிரண்டு அப்படிப் போகும்.

இந்த ஆனியில், மண்ணெடுத்த பள்ளத்தில் சாரல் தண்ணீர் நிறைந்து கிடந்தது. இருவரும் அவசரமாகக் கல்லைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தபோது பிள்ளை அதில் விழுந்துவிட்டது. கல்லைக் காப்பாற்றிவிட்டார்கள். இதை எழுதும்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

காரியம் முடிந்து வந்து தார்ப்பாயை விலக்கினால், ஓரத்துக் கல்லில் பிஞ்சுப் பாதம். ஐந்து விரலும் தெரிந்தது. ஈரத்தில் கல் இன்னும் இறுகவில்லை. எடுத்தால் உடைந்துவிடும், காயட்டும், சூளையில் வைத்துச் சுட்டு வீட்டுக்குக் கொண்டுபோவோம் என்றான் சுடலைமுத்து. செல்போனில் படம் இருக்கத்தான் செய்கிறது. தொட்டால் வெறும் கண்ணாடி. கல்லில் விரல் வைத்தால் பிள்ளையின் குதிகால் தட்டுப்படும். அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் வள்ளித்தாய் ஒரு வாய் சோறு தின்றாள்.

மறுநாள் வேலைக்கு இறங்கினார்கள். காலையெல்லாம் அந்தக் கல்லைச் சுற்றித்தான் நடந்தாள். மத்தியானம் மலை மேல் மறுபடியும் கருத்தது. காய்ந்த கல்லை வாரி வாரி அடுக்கினாள். கண் வானத்தில் இருந்தது, கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. பள்ளம் தட்டுப்பட்ட கல் ஒன்றைக் கை பெயர்த்துக் குழியில் வீசியது. வாயும் பழக்கத்தை விடவில்லை.

“ஏட்டி, கல்லுல ஏறாதன்னு எத்தன தடவ சொல்லுதேன்?”

சொல்லிவிட்டுத் திரும்பினாள். அதட்டு வாங்க அங்கே யாரும் இல்லை.

முதுகைக் காட்டிக்கொண்டு சேறு மிதித்துக்கொண்டிருந்த சுடலைமுத்து, மிதித்தபடியே, யாரை ஏசுகிறாய் என்று கேட்டான். அவள் குழியைக் கையால் காட்டினாள்.

“பிள்ள மிதிச்ச கல்லு… ஒங்க காலுக்குக் கீழ கெடக்கு.”

சாரல் இறங்கியது. களத்துக் கல்லை மூட யாரும் போகவில்லை. முழங்கால் சேற்றில் நின்ற சுடலைமுத்து, காலை எடுத்தால் மறுபடியும் அதன் மேல்தான் வைப்போமோ என்று, எடுக்கவேயில்லை.