கீழேயிருந்து வாசிக்கிறவர்

ருஷ்தி கட்டாருக்குப் போன செவ்வாய்க்கிழமை காலையிலும் பவாஸ், கண்டிக்குப் பக்கத்தில் தெல்தெனிய பஸ் தரிப்பிடத்துக்கு எதிரேயுள்ள ஃபோன் கடையில் குந்திக்கொண்டு, தன் ஃபோனைப் பற்றித் தாய்லாந்துக்காரன் ஒருவன் இணையத்தில் எழுதிய புலம்பலைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். கடையில் பாதிப் பங்கு ருஷ்தியுடையது. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு அவர் சொன்னார்: "நீ ஒலகத்து நியூஸ் எல்லாம் வாசி மச்சான். நான் போய் காசு ஒழைக்கிறன்."

பவாஸுக்கு விடிவது நான்கு இடங்களில்: ஒரு சிங்கள ஃபோரம், ஓர் அமெரிக்கத் தளம், சென்னை ரிப்பேர்காரர்களின் யூடியூப், மொழிபெயர்ப்பில் தட்டுத்தடுமாறி வரும் அந்தத் தாய்லாந்துப் பக்கம். எதையும் கீழேயிருந்துதான் தொடங்குவார். கமெண்ட் முடிந்த பிறகே செய்தி. "மேலுக்கு ஈக்கிறது கொம்பனிக்காரன் எழுதின. கீழுக்கு ஈக்கிறது வாங்கி ஏமாந்தவன் எழுதின." பிறகு வாசித்ததையெல்லாம் சுருக்கி, வாட்ஸ்அப் குழுவுக்கு மூன்று நிமிடக் குரல்பதிவு. அப்போது குழுவில் பதினொரு பேர். நாலு பேர் மச்சான்மார்.

அந்த மாதமே ஒரு கொம்பனியின் ஃபோன்களுக்கு ஓர் அப்டேட் வந்தது. ஏற்றிய ஃபோன்களில் உச்சியிலிருந்து அடிவரை பச்சைக் கோடு. மற்றக் கடைகள் திரையை மாற்றித் தள்ளின. பவாஸ் கை வைக்கவில்லை. தாய்லாந்தில் கொம்பனியே சும்மா மாற்றிக் கொடுக்கிறதாம். வெளிக் கடைகளில் கழற்றிய ஃபோனை மட்டும் தொடாதாம். இங்கேயும் அதுதான் நடக்கும் என்று அடித்துச் சொன்னார்.

"கழட்டாதீங்க அக்கா. பொறுங்க."

தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்திருந்த வீரம்மா முறைத்தார். "எம் மக ஜோர்தான்ல இருந்து பேசுறா தம்பி. மூஞ்சி ரெண்டாப் பொளந்து தெரியுது. யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"தாய்லாந்துல ஒருத்தன்."

"அவரு ஒங்களுக்குச் சொந்தமா?"

கடையே சிரித்தது. ஆனாலும் வீரம்மா வேறு கடைக்குப் போகவில்லை. மற்றவர்கள் போனார்கள். ஆறு வாரம் கடை காய்ந்தது. 'நியூஸ் நானா', அதாவது செய்தி அண்ணன், என்று ஊர் வைத்த பட்டம்தான் மிச்சம்.

ஏழாவது வாரம் கொம்பனி வாயைத் திறந்தது. திரை இலவசம், கழற்றிய ஃபோன்களுக்கு இல்லை. கண்டியில் மாற்றிக்கொண்டு நேரே வந்த வீரம்மா, புதுத் திரையைப் பவாஸின் மூக்குக்கு நேரே பிடித்தார். "அந்தத் தாய்லாந்துத் தம்பிக்கு ஒரு கும்புடு சொல்லிருங்க!" கடை வாசலில் வரிசை நின்றது. குழு நிரம்பி, இரண்டாவது குழு தொடங்கிற்று.

இரண்டு வருடம் கழித்து, தொண்டை கட்டிப் பவாஸ் எதுவும் அனுப்பாத ஒரு காலையில் கட்டாரிலிருந்து ருஷ்தியின் செய்தி வந்தது: "மச்சான், ரூம்ல பதினெட்டுப் பேர். ஒன்ட வொய்ஸ கேட்டுட்டுத்தான் வேலக்கிப் போற. இன்னம் வரல்ல. பஸ் வெளிய நிக்கிது."

பவாஸ் எழுந்து உட்கார்ந்தார். இரண்டு தரம் செருமிவிட்டு, மைக்கை அமுக்கினார்.