வாசிக்காமல் திருப்பிய மூன்று கடிதங்கள்

அந்த றப்பர் முத்திரை இப்போதும் என் மேசையில் இருக்கிறது. ‘மொழி விளங்கவில்லை. திருப்பி அனுப்பப்படுகிறது.’ தனிச்சிங்களச் சட்டம் வந்தபின் அரசாங்கக் கடிதங்கள் சிங்களத்தில் மட்டும் வரத் தொடங்கிய காலத்தில், யாழ்ப்பாணப் பட்டணத்தில் கைக்காசு கொடுத்துச் செய்வித்தது. எனக்கு அப்போது இருபது வயது. படிப்பு முடிந்து, வேலை இல்லாமல் கொதித்துக்கொண்டிருந்தேன். கோப்பாயில் எங்கள் வீட்டு வாசல் படலைக்கு வந்த சிங்கள உறை எதுவும் என் ஊதா மைக்குத் தப்பவில்லை.

அக்காவும் அத்தானும் எங்களோடுதான் இருந்தார்கள்; வீடு அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்தது. அத்தான் கொழும்பில் ஒரு கொம்பனியில் கிளாக்கராக இருந்து, வேலையை விட்டு ஊரோடு வந்தவர். சம்பளத்தில் அளவுக்கு மிஞ்சிக் கழித்த வருமான வரியைத் திருப்பித் தரும்படி கொழும்பிலுள்ள வரிக் கந்தோருக்கு ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அந்தக் காசில்தான் வீட்டுக்கு ஓடு போடவேண்டும். சுவர் எழும்பி நின்றது; மேலே தென்னோலைக் கிடுகு. மழை வந்தால் அக்கா பிள்ளைகளின் பாயை மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டு திரிவாள். “றீபண்ட் வரட்டும்” என்பார் அத்தான். ஆங்கிலத்தில் கேட்டவருக்கு ஆங்கிலத்தில்தான் பதில் வரும் என்று எல்லோரும் நம்பியிருந்தோம்.

அத்தான் தோட்டத்தில் நிற்கும் நேரம்தான் தபால்காரர் வருவார். படலையிலேயே வாங்கி, உறையைப் பிரிக்காமலே முத்திரை குத்தி, தபால்காரர் கையிலேயே திருப்பிக் கொடுப்பேன்.

“தம்பி, ஆரும் சிங்களம் தெரிஞ்ச ஆளிட்டை ஒருக்காக் காட்டன். எல்லாம் சண்டைக் கடுதாசி இல்லை,” என்றார் ஒருநாள்.

“ஏன் அண்ணை, அவையள் உங்களுக்குச் சம்பளம் கூட்டிப்போட்டினமோ?”

அவர் உறையைப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினார். என் கெட்டித்தனம் அப்படி.

ஒரு வருடம் பொறுத்துவிட்டு அத்தான் மெயில் றெயினில் கொழும்புக்குப் போனார். திரும்பி வந்து, போட்டிருந்த சேட்டுக்கூடக் கழற்றாமல் திண்ணைக் குந்தில் இருந்தார்.

“மூண்டு கடிதம் போட்டிருக்கிறாங்கள். ஒரு சான்றிதழும் கையெழுத்தும்தான் கேட்டிருக்கு. மூண்டும் ஊதா முத்திரையோடை பைலுக்குள்ளை கிடக்கு. பதில் போடுற தவணை முடிஞ்சுதாம்.”

நான் உள்ளே மேசையில் கிடந்த முத்திரையைப் பார்த்தேன்.

“‘உம்மடை கடிதமெல்லாம் வாசிச்சனான், நல்ல இங்கிலீசு’ எண்டு கந்தோரிலை இருந்தவன் இங்கிலீசிலையே சொல்லுறான். பிறகேன் சிங்களத்திலை எழுதினனீ எண்டு கேட்டன். சட்டமாம். வரி கேக்கேக்கை மட்டும் இங்கிலீசிலை கேட்டவங்கள்!”

இன்று நினைத்தாலும் உடம்பு எரிகிறது. எங்கள் ஆங்கிலம் விளங்கிக்கொண்டே, எங்களுக்கு விளங்காத மொழியில் மூன்று தரம் எழுதியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய எரிச்சல் என்மேல். அவர்கள் தோண்டிய குழிக்குள் அக்காவின் கூரையைத் தள்ளியது என் கை. முத்திரையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன்.

“அதுக்குள்ளை போடாதை. குடிக்கிற தண்ணி,” என்றாள் அக்கா. அன்று அவள் என்னோடு கதைத்தது அவ்வளவுதான்.

“ஏன் எறியிறாய்? அதிலை இருக்கிறது உண்மைதானே,” என்றார் அத்தான். “வாசிப்பிச்சுப்போட்டுக் குத்தியிருக்கலாம்.”

அடுத்த கிழமை சந்தியிலிருந்த சிங்களப் பேக்கரிக்காரரிடம் போய் எழுத்துப் படிக்கத் தொடங்கினேன். அத்தான் போட்ட முறைப்பாடுகள் எதற்கும் பலன் இல்லை. இப்போது நான் வாத்தியார். அக்கா வீட்டில் இன்னும் கிடுகுதான்.

இன்று காலை என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. எனக்குத் தரவேண்டிய வரிப்பணத்துக்கு ஒரு படிவம் கேட்டு, அதே கந்தோரிலிருந்து, சிங்களத்தில். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. படிவத்தைத் தமிழில் நிரப்பிக் கையெழுத்திட்டேன். பிறகு காய்ந்துபோன மைப்பெட்டியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, அவர்களுடைய கடிதத்தின் நடுவில் முத்திரையைக் குத்தி, இரண்டையும் ஒரே உறைக்குள் வைத்து ஒட்டினேன். காசு வந்தால் அது அக்கா வீட்டுக் கூரை ஓட்டுக்கு.